உண்மையானதும் தொடர்வதுமான உறவு

ஒரு கலியாணத்துக்கு இரண்டு சாட்சி போதும் என்று மார்க்கம் சொல்லியிருக்கிறது. ஏழு வானத்தையும் படைத்தவனுக்கே இரண்டு பேர் போதுமாக இருந்தபோது, அந்தக் குளிர்நாட்டின் துணைவர் குடியேற்றப் பிரிவுக்கு எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். எட்டுப் பேரும் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, ஜுனைதா றஸாக்கின் மனைவிதான் என்று சொல்ல வேண்டும். வெறும் மனைவி என்றால் அவர்களுக்குக் காணாது. "உண்மையானதும், தொடர்வதும், ஏனைய அனைவரையும் விலக்கியதுமான உறவில்" இருக்கிற மனைவியாக இருக்க வேண்டும். மருதமுனையில் இந்த வாசகத்தை யாரிடமாவது வாசித்துக் காட்டினால், அப்படி ஒரு உறவு இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது, ஆளைக் காட்டு பார்ப்போம் என்றுதான் கேட்பார்கள்.

ஜுனைதாவுக்கு முப்பத்தொன்பது வயது. கடலிலிருந்து தள்ளிக் கட்டிய சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஹபாயா தைக்கிறாள். றஸாக் சாய்ந்தமருதுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. அந்தக் குளிர்நாட்டில் பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. முதல் மனைவி நோயில் மவுத்தாகி, ஐந்து வருடத்துக்கு முன் ஊருக்கு வந்து ஜுனைதாவை நிக்காஹ் செய்தார். நாற்பத்தொரு நாள் இருந்தார். பிறகு ஒரு தடவை வந்து இருபத்தெட்டு நாள் இருந்தார். மிச்சக் குடும்ப வாழ்க்கை எல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது.

போன மாரியில் மனிதர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரித் தாதி அவருடைய போனை எடுத்து, "மனைவி" என்று பதிந்திருந்த இலக்கத்துக்கு அழைத்து, ஜுனைதாவின் குரலைக் கேட்டவுடன் போனை அவர் காதில் வைத்தாள். சத்தியக்கடதாசி கேட்கவில்லை. இப்போது றஸாக் ஒரு கையில் தடியும் மறு கையில் தேத்தண்ணிக் கோப்பையுமாக, கீழ்த்தட்டுக் குசினியிலிருந்து மாடி அறைக்கு ஏறுகிறார். அறைக்குப் போய்ச் சேரும்போது கோப்பையில் பாதிதான் இருக்கும். மீதி படியில். அந்தப் பாதித் தேத்தண்ணியை போனில் பார்த்த நாளிலிருந்து ஜுனைதாவுக்கு நிம்மதி இல்லை. எப்படியாவது போய்ச் சேர்ந்து, ஒரு கோப்பை நிறைய ஊற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கல்முனையில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் "முனாஸ் சர்வதேசக் குடியேற்ற ஆலோசனை நிலையம்" இருந்தது. சர்வதேசம் முழுவதும் பன்னிரண்டடிக்குப் பத்தடி. முனாஸுக்கு மூன்று நாடுகள் விசா மறுத்திருந்தன. அதைத்தான் அவன் தன்னுடைய அனுபவம் என்று சொல்லிக்கொண்டான். ஜுனைதாவின் விண்ணப்பக் கோப்பையும் அவனே அனுப்பி வைத்தான்.

முதல் கடிதம் நிக்காஹ் படத்தைப் பற்றி வந்தது. எங்கள் பக்கத்தில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். பெண் வீட்டில் இருப்பாள். மாப்பிள்ளை பெண்ணின் வாப்பாவையோ, வாப்பா இல்லாவிட்டால் அவளுடைய காக்காவையோ கையைப் பிடித்துக்கொண்டு, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வார். ஜுனைதாவுக்காகக் கை கொடுத்தவன் அவள் காக்கா ஜுனைட். தங்கைக்கு இரண்டாவதாக ஒரு வாழ்க்கை அமைகிறதே என்று அவனுக்கு அன்று கண் கலங்கிவிட்டது. படம் பிடித்தவன் அதை ஒன்றுக்குப் பதினான்காகப் பிடித்து வைத்திருந்தான்.

பிரிவு இப்படி எழுதியிருந்தது. "சமர்ப்பிக்கப்பட்ட பதினான்கு திருமணப் படங்களிலும் விண்ணப்பதாரரைக் காண முடியவில்லை. பதிலாக, அவரை அழைக்கும் பொறுப்பாளரான திரு. றஸாக் ஓர் ஆணின் கையை உணர்வுபூர்வமாகப் பற்றியிருக்கிறார். அவருடனான உறவு இன்னும் தொடர்கிறதா என விளக்கவும். எமது நாடு எல்லா வகை உறவுகளையும் மதிக்கிறது. ஆயினும் ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் உறவு மட்டுமே அனுமதிக்கப்படும்."

"அல்லாட காவல்!" என்று ஜுனைட் தலையில் கை வைத்தான். "நாலு நிமிசம் கையப் புடிச்சத்துக்கு என்ன கதை கதைக்கிறானுகள்!" ஆனால் தங்கைக்காக அவன் போய், தனக்கும் மச்சானுக்குமிடையில் அந்த நாலு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தான். கோப்பில் ஏறிய முதல் சத்தியம் அதுதான்.

சத்தியக்கடதாசி முடிக்கிற இடம் சீனிமுகம்மது ஹாஜியாரின் முன் விறாந்தை. அகில இலங்கை சமாதான நீதவான். ஓய்வுபெற்ற தபாலதிபர். முப்பத்தாறு வருடம் முத்திரை குத்திய கை சும்மா இருக்க மாட்டாமல் இப்போது சீல் குத்திக்கொண்டிருந்தது. எட்டுச் சாட்சிகளையும் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நீண்ட மர வாங்கில் இருத்திவிட்டு, ஹாஜியார் முதலில் ஓர் உரை நிகழ்த்தினார்.

"சத்தியக்கடதாசி எண்டா லேசான சாமான் இல்ல. உண்மையெண்டு ஒண்டு நடந்திரிக்கும். ஆனா அது சும்மா நடந்திட்டுப் போயிரும். நான் சீல் குத்தினாத்தான் அது நடந்ததாகும். நான் சீல் குத்தாம இந்த ஊரில உண்மையாகின விசயம் ஒண்டு செல்லுங்க பாப்பம்." ஹாஜியார் திருப்திப்பட்டு, முனாஸ் அடித்துக் கொண்டுவந்திருந்த கடதாசியை எடுத்து உரக்க வாசித்தார். எட்டுப் பேருக்கும் ஒரே வாசகம்.

"மேற்படி தம்பதியினர் மாலை வேளைகளில் தமது நாயுடன் பூங்காவில் கைகோத்து உலாவுவதையும், நத்தார்ப் பண்டிகை விருந்தில் எமக்கு வைன் ஊற்றிக் கொடுத்து மகிழ்வதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன்."

வாங்கில் இருந்த பக்கத்து வீட்டு ஹாஜறா கேட்டாள். "ஆர்ர நாய்?"

"ராத்தா, இது மூணு நாட்டில எடுபட்ட கடதாசி," என்றான் முனாஸ். "பேர மட்டும் மாத்தினாப் போதும்."

"அவனுகளுக்கிட்ட நாய் எடுபடும். நாளைக்கு மறுமையில அல்லா கேட்டா நான் என்ன செல்லுற? ஓம் ரப்பே, ஜுனைதா நாயோட போனத நான் கண்ட எண்டா?"

அதோடு எட்டுக் கடதாசியும் கிழிபட்டன. இனி அவரவர் கண்டதைத்தான் சொல்வது என்று தீர்மானம் ஆயிற்று. தீர்மானம் நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் புருசனும் பெண்சாதியும் றோட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகிற வழக்கமில்லை. சத்தியம் என்று வந்துவிட்டால் கண்ணால் காணாததைச் சொல்லவும் எங்கள் ஆட்களுக்குப் பயம். சந்தையில் மீன் விலையில் நாக்கூசாமல் பொய் சொல்கிற, ஜுனைதாவின் மீன்கார சாச்சாகூட, சத்தியக்கடதாசிக்கு முன்னால் வந்ததும் குரல் இறங்கிப்போனார்.

"றஸாக் ஒரு நாள் என்னட்ட பாரை மீன் ஒண்டு வாங்கின. அதச் சத்தியமாச் செல்லுவன். ஆனா பொண்டாட்டிக்குத்தான் வாங்கினாரா எண்டு நான் எப்புடிச் செல்லுற? மீன் போன வழிய நான் பாக்கல்ல."

ஹாஜியார் அப்படியே தட்டச்சு செய்தார். பின்வீட்டுக்காரர், ஜுனைதாவின் வீட்டுக்குள்ளிருந்து விடியச் சுபஹுத் தொழுகை நேரத்தில் ஓர் இருமல் கேட்டதாகவும், அது ஆண் இருமல் என்பது உறுதி என்றும், ஆனால் றஸாக்கின் இருமல்தானா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் உறுதியுரைத்தார். இன்னொருவர் கொடியில் ஆண்கள் உடுக்கிற சாரன் ஒன்று காய்ந்ததைக் கண்டிருந்தார். சாரனுக்குள் இருந்தவரைக் காணவில்லை. ஜுனைதா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் எல்லாரும் கலியாணச் சோறு தின்றவர்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் உண்மையைச் சொல்லச் சொல்ல, றஸாக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

கடைசியாக ஹாஜறாவின் முறை. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. "துணைவர் ஒருவர் இவர்மீது கொண்ட அர்ப்பணிப்பை நீங்கள் நேரில் கண்ட சந்தர்ப்பம் ஒன்றை விவரிக்கவும்."

"நான் கண்ணால கண்டிரிக்கன்," என்றாள் ஹாஜறா. "ஆனா அது இந்தப் புருசன் இல்ல."

ஹாஜியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேள்வியை மறுபடி வாசித்தார். "துணைவர் எண்டுதான் கிடக்கு. எந்தத் துணைவர் எண்டு கேக்கல்ல. செல்லுங்க."

ஹாஜறா சொன்னாள். "கடல் வந்த அண்டைக்கு, ஞாயித்துக்கிழமை காலையில, முந்தின புருசன் ஸிராஜ் இவளத் தோளில தூக்கிட்டு ஓடி வந்தான். கலியாணம் முடிச்சு ஒரு வருசம் ஆகல்ல. எங்கட அரைவாசி கட்டின மாடியில ஏத்தி விட்டான். நானும் மேலதான் நிண்ட. என்ட மகள் அம்ஹா கீழ நிண்டாள். நாலு வயசு. ஸிராஜ் திரும்பிப் பாத்தான். 'இரி புள்ள, வாறன்' எண்டு இவளுக்குச் செல்லிட்டு இறங்கிப் போனான். ரெண்டு பேரையும் காணல்ல."

தட்டச்சு மெசின் நின்றுவிட்டது. ஹாஜியார் கடதாசியை உருவி, சீல் குத்தினார்.

இரண்டாவது கடிதத்தோடு ஜுனைதா நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று வந்தது. அதில் முப்பத்தேழாவது கேள்வி: "பிரிந்த அல்லது காலஞ்சென்ற முன்னைய துணைவருடன் தற்போது எந்த வகையிலேனும் தொடர்பு உண்டா? பொய்யான விடை தண்டனைக்குரிய குற்றமாகும்."

ஸிராஜ் அவளிடம் வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில், ஆண்கள் ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டு, ஊரே கொஞ்சம் கண்ணயர்கிற நேரத்தில், கனவில். அகதிக் கூடாரத்தில் இருந்த காலத்திலேயே வரத் தொடங்கிவிட்டார். வீட்டுத்திட்டத்துக்கு மாறிய பிறகு மூன்று வருடம் ஆளைக் காணவில்லை. ஒரு நாள் வந்து வாசலில் நின்று, "வீட்ட எங்க கொண்டு வச்சிரிக்கிறீங்க? தேடித் தேடிக் கால் உளைஞ்சு போச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வெள்ளியும் தவறியதில்லை. இருபத்துநாலு வயதுதான் இன்னும். சாரன் ஓரம் ஈரமாக இருக்கும். உள்ளே வர மாட்டார். "திண்டியா?" என்று கேட்பார். ஓம் என்பாள். "வாறன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விடுவார். நோன்பு மாதத்திலும் வருவார். அப்போது மட்டும் தின்றாயா என்று கேட்க மாட்டார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜறா வேலிப்பக்கம் வந்து நிற்பாள். "தனியவா வந்தான்?" என்று கேட்பாள். "தனியத்தான் ராத்தா." ஹாஜறா தலையாட்டுவாள். "இன்னும் தேடுறான் போல." இவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. பதினான்கு வருடமாக ஹாஜறாவுக்கு மகளைப் பற்றி வந்துகொண்டிருந்த ஒரே செய்தி அதுதான்.

இதெல்லாம் றஸாக்குக்குத் தெரியும். நிக்காஹுக்கு முன்பே சொல்லியிருந்தாள். மனிதர் கோபிக்கவில்லை. "மவுத்தாப் போன என்ட ஆளும் வாறவதான். கதைக்கிறல்ல, பாத்திட்டுப் போறா. ஸிராஜுக்கு என்ட ஸலாத்தச் செல்லுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஜுனைதா அவரைக் கட்டினாள்.

அவள் படிவத்தைக் கொண்டுபோய் ஹாஜியாரிடம் கேட்டாள். "கனவில கதைக்கிறதும் இதுக்குள்ள வருமா ஹாஜியார்?"

"எந்த வகையிலேனும் எண்டு போட்டிரிக்கானே புள்ள. கனவும் ஒரு வகைதானே. மறைச்சா குத்தம்."

ஜுனைதா "ஓம்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். விபரம் என்ற இடத்தில், "வெள்ளிக்கிழமைகளில் வருவார்" என்று எழுதினாள். அனுப்பி முடிந்த பிறகுதான் முனாஸ் பார்த்தான். "ராத்தா! ஆராவது கனவக் கொண்டுபோய் விசாப் படிவத்தில எழுதுவாங்களா?" அவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "பொய் செல்லப்படா எண்டு போட்டிரிக்கே தம்பி," என்றாள் ஜுனைதா.

கொஞ்ச நாளில் கணினி வழியாக நேர்முக விசாரணை வைத்தார்கள். முனாஸைக் கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஜுனைதா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் சிரேஷ்ட உறவு மதிப்பீட்டு அலுவலர் என்று ஓர் அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண் கேதீஸ்வரி.

றஸாக்கின் பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம் என்பது முதல் கேள்வி. ஜுனைதாவுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக்கு ஒன்றரைக் கரண்டி சீனி போடுவார், அது தெரியும் என்றாள். சீனி தங்கள் பட்டியலில் இல்லை என்று அலுவலர் சொன்னார். அவர் எந்தப் பக்கம் படுப்பார் என்று அடுத்த கேள்வி. ஜுனைதா மேசையைப் பார்த்தாள். உடன்பிறந்த காக்காவிடம்கூடச் சொல்லாத கதையை, திரையில் இருக்கிற இரண்டு பேருக்கு எப்படிச் சொல்வது? "விடையளிக்கத் தயங்கினார்" என்று அலுவலர் எழுதிக்கொண்டார்.

பிறகு ஸிராஜைப் பற்றிக் கேட்டார். மவுத்தானவரைப் பற்றிக் கதைக்க வெட்கம் எதற்கு? ஜுனைதா கால் மணித்தியாலம் சொன்னாள். ஈரச் சாரன், வாசல், திண்டியா, வாறன், நோன்பு மாதம் எல்லாம். அலுவலர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இருபத்திரண்டு வருட சேவையில் ஒரு விண்ணப்பதாரர் இவ்வளவு தடுமாறாமல் விடை சொல்லித் தான் கேட்டதில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் ஆற்றிய உரையை கேதீஸ்வரி வரி தவறாமல் மொழிபெயர்த்தாள்.

"எங்கள் பிரிவு அன்பை மிக உயர்வாக மதிக்கிறது. அதனால்தான் அது யாரிடமும் இருப்பதாக நாங்கள் இலகுவில் ஒப்புக்கொள்வதில்லை. நான் ஆறாயிரம் தம்பதியரை மதிப்பிட்டிருக்கிறேன். ஒரு கோப்பைத் திறந்தால் அங்கே உறவு இருக்கிறதா இல்லையா என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவேன். என் சொந்தக் கணவர் வீட்டை விட்டுப் போனது எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவந்தது. ஆனால் அவர் எந்தப் படிவமும் நிரப்பியிருக்கவில்லை."

அலுவலர் எழுந்து போனார். தொடர்பு துண்டிக்கப்பட இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. கேதீஸ்வரி திரைக்குக் கிட்ட வந்தாள். குரல் மாறியிருந்தது.

"அக்கா, நான் வீரமுனை ஆள். எங்கட வீட்டுக்கும் சண்டைக் காலத்தில செத்த ஆக்கள் வாறவங்கதான். எனக்கும் இதே கேள்வி வந்த. நான் இல்லை எண்டு எழுதின."

"அப்புடி எழுதின மறுகாவும் வந்தாங்களா?" என்று ஜுனைதா கேட்டாள்.

திரை கறுத்துவிட்டது. நேரம் முடிந்துவிட்டதாக ஒரு வாசகம் வந்து நின்றது.

தீர்மானம் ஆறு கிழமையில் வந்தது. முனாஸ் வாசிக்க வாசிக்க ஜுனைதா கேட்டாள்.

"திரு. ஸிராஜ் உடனான உறவு: பதினான்கு வருட வாராந்தச் சந்திப்பு, தவறாத ஒழுங்கு, விண்ணப்பதாரரின் உணவு தொடர்பில் இடையறாத அக்கறை, அர்ப்பணிப்பு, சுயாதீனச் சாட்சியத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. இவ்வுறவு உண்மையானதும் தொடர்வதுமாகும் எனத் திருப்தியடைகிறோம். திரு. றஸாக் உடனான உறவு: அறுபத்தொன்பது நாட்கள், ஒரு பாரை மீன், உரிமையாளர் அறியப்படாத ஒரு சாரன், உறுதிப்படுத்தப்படாத ஓர் இருமல். திரு. ஸிராஜ் மரணமடைந்தவர் என்பதைக் கவனத்தில் எடுத்தோம். மரணம் என்பது உறவு முடிவுற்றதற்கான ஓர் அறிகுறி மட்டுமே. அது தீர்க்கமான ஆதாரம் ஆகாது. மேற்படி உறவு முடிவுற்றதாக இருபத்தெட்டு நாட்களுக்குள் சத்தியக்கடதாசி சமர்ப்பிக்கவும். இயலுமாயின் இரு தரப்பினரும் ஒப்பமிடுதல் விரும்பத்தக்கது."

"இரண்டு தரப்பாம்," என்றான் முனாஸ். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அன்று றஸாக் அழைத்தபோது, ஒன்றும் எழுத வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்றார். கதைத்துக்கொண்டே படி ஏறினார். நடுப்படியில் தடி சறுக்கியது. போன் எங்கேயோ விழுந்து, கூரையை மட்டும் காட்டியது. கோப்பை உடைகிற சத்தம் கேட்டது. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, இரிந்திட்டன்" என்று குரல் வந்தது. ஜுனைதா கூரையைப் பார்த்துக்கொண்டு, எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மனிதர் தன்னைத் தானே தூக்கி நிறுத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றுதான் அவள் முடிவெடுத்தாள்.

அந்த வெள்ளி ஸிராஜ் வந்தார். சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். "திண்டியா?" என்றார். "ஓம்" என்றாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. "வாறன்" என்று போய்விட்டார்.

ஹாஜறாவிடம் மட்டும் வேலியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக் கொடுத்துவிட்டால் ஸிராஜ் வராமல் போவாரோ என்று பயமாக இருக்கிறது என்றாள். ஹாஜறா வேலிக்கம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"எழுது புள்ள," என்றாள். "உசிரோட கிடக்கிறவனுக்குத் தேத்தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும்." பிறகு, "அவன் என்ட புள்ளயத் தேடத்தானே போனவன். நான் ஆரையும் குறை செல்ல மாட்டன்" என்றாள்.

திங்கட்கிழமை சீனிமுகம்மது ஹாஜியாரின் விறாந்தையில் ஜுனைதா உட்கார்ந்தாள். பிரிவு வாசகத்தை அனுப்பியிருந்தது. ஹாஜியார் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். "எனது முன்னைய கணவருடன் எனக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. அவர் வருவதில்லை. அவர் வரவேண்டும் என நான் விரும்பவும் இல்லை." கடைசி வரிக்கு வந்ததும் மெசின் நின்றது.

வழக்கமான உரை வரும் என்று ஜுனைதா காத்திருந்தாள். ஹாஜியார் சீலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஸிராஜுக்கு மவுத்துச் சான்றிதழ் எடுக்கயும் நான்தான் சீல் குத்தின. நினைவிரிக்கா புள்ள? அந்தக் கிழமை மட்டும் நூத்திச் சொச்சம் பேரு. மையித்துக் கிடைக்காத ஆக்கள். ஒவ்வொருத்தரா நான்தான் இல்லாம ஆக்கின. என்ட தங்கச்சியும் அதுக்குள்ள." சீலைத் திருப்பிப் பார்த்தார். "நான் சீல் குத்தாட்டி அவங்க இல்லாமப் போயிருக்க மாட்டாங்களோ எண்டு சில நேரம் யோசிக்கிற. பைத்தியக்காரக் கதை."

அவர் கடதாசியை நீட்டினார். ஜுனைதா பேனையை எடுத்தாள். காணாத ஒரு நாயைக் கண்டதாகக்கூடப் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றவர்களின் ஊரில் பிறந்தவள் அவள். அல்லாஹ் மன்னிப்பான், ஸிராஜ் மன்னிப்பாரோ தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். கையொப்பமிட்டாள். ஹாஜியார் சீலை மெதுவாக, சத்தம் வராமல் அழுத்தினார்.

விசா பத்தொன்பது நாளில் வந்தது. இவ்வளவு தெளிவான ஒரு சத்தியக்கடதாசியைத் தாம் அண்மையில் கண்டதில்லை என்று பிரிவு பாராட்டியிருந்தது.

அந்த வெள்ளி ஜுனைதா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நித்திரை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அஸருக்குப் பிறகு ஹாஜறா வேலிப்பக்கம் வந்தாள். "வந்தானா?" என்றாள். "இல்ல ராத்தா." ஹாஜறா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மூன்றாவது வெள்ளி அவள் கேட்க வரவில்லை. கடல் இருபது வருடமாக எடுத்துக்கொண்டு போகாததை ஒரு தாள் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜுனைதா தையல் மெசினில் தலையை வைத்து அழுதாள்.

"ஸிராஜுக்கு ஸலாம் செல்லினீங்களா?" என்று றஸாக் போனில் கேட்டார்.

"அவர் இப்ப வாறல்ல."

"நான் கதவடியில ஒரு கதிர போட்டு வச்சிருந்தன்," என்றார் றஸாக். "உள்ளுக்கு வராத ஆள் எண்டீங்களே. குளிருக்க நிக்கப்படாதே எண்டு."

புறப்படுகிற நாளில் ஜுனைட் வாகனத்தில் பெட்டியை ஏற்றினான். ஜுனைதா கதவைப் பூட்டிவிட்டு, வெறும் வாசலைப் பார்த்து, "போயிட்டு வாறன்" என்றாள். ஹாஜறா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னாள். முன்பு வீடு மாறியபோதும் மூன்று வருடம் தேடி அலைந்தவர்தானே; எதற்கு என்று ஜுனைதா கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

விமானம் இறங்குவதற்கு முன் ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த நாடு மரியாதையான நாடு. அட்டை தமிழிலும் இருந்தது. பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள் கடைசிக் கேள்வியில் நின்றாள். "உங்களுடன் வேறு எவரேனும் பயணம் செய்கிறார்களா?"

அன்று வெள்ளிக்கிழமை. ஊரில் ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுச் சாய்கிற நேரம். பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. ஜுனைதா குனிந்து, அந்த இருக்கைக்குக் கீழே தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை.

"இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். அதற்கு ஒருவரும் சத்தியக்கடதாசி கேட்கவில்லை.